மாப்பிள்ளையின் பந்தயத்துக்குப் போய் வந்தேன்

கொழும்பில் நான் போன முதல் இடம் போலீஸ் ஸ்டேஷன். கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை. அப்போது அங்கே சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். வெளியிலிருந்து யார் வந்து ஒரு வீட்டில் தங்கினாலும் பேரைப் பதிய வேண்டும் என்று சட்டம். தூத்துக்குடியிலிருந்து வந்த சேலையைக்கூட மாற்றவில்லை, மகள் பத்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கையெழுத்து வராது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மூத்த மகன் வீட்டுப் பேத்திதான் எழுதுகிறாள். அதனால் ஸ்டேஷனில் பெருவிரலை நீட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் உப்பளத்தில் வேலை செய்த விரல், ரேகை தேய்ந்து போயிருக்கிறது. முதல் தடவை வைத்ததும் காகிதத்தில் ஒரு கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. போலீஸ்காரர் இன்னொரு தாளை எடுத்தார். அதிலும் பொட்டு. சிங்களத்தில் ஏதோ சொன்னார். பத்மாவிடம் என்னவென்று கேட்டேன். "பாட்டிக்கு ரேகையே இல்லை, எந்தத் திருட்டுக்குப் போனாலும் பிடிக்க முடியாது" என்றாராம். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பத்மா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்த பிறகு, இங்கே இப்படியெல்லாம் சிரிக்கக்கூடாது என்று சொன்னாள்.

வீடு கொட்டாஞ்சேனையில். ஒரு தெருவில் மாதா கோயில், அடுத்த தெருவில் அம்மன் கோயில், நடுவில் ஒரு பேக்கரி. காலையில் மூன்றிலிருந்தும் ஒரே நேரத்தில் வாசனை வரும். அங்கே ரொட்டியைப் பாண் என்கிறார்கள். செங்கல் மாதிரி முழுசாக வாங்கி, கையால் பிய்த்து, தேங்காய்ப்பால் விட்ட பருப்பில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குத்தான் ரொட்டி வாங்குவோம். இங்கே நல்லா இருக்கிறவர்களே மூன்று வேளையும் தின்கிறார்கள். சிவப்பாக இடித்த தேங்காய்ச் சம்பலோடு நானும் தின்றேன். கால் பாண் உள்ளே போன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

மாப்பிள்ளை கூடத்தில் சாப்பிட்டார். நான் அடுப்படியில் சாப்பிட்டேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக, அவர்கள் எங்கள் ஊருக்கு வரும்போதும் அப்படித்தான்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கத்தில் மாமியார் மருமகனிடம் நேருக்கு நேர் பேசமாட்டாள். சண்டையெல்லாம் ஒன்றும் கிடையாது, மரியாதைதான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்லலாம், பேரப்பிள்ளையிடம் சொல்லலாம், யாரும் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்லலாம். "சோறு ஆறுது" என்று நான் சுவரிடம் சொன்னால் மாப்பிள்ளை எழுந்து வருவார். அவரும், "அத்தை மருந்து குடிச்சாங்களா" என்று காலண்டரைப் பார்த்துக் கேட்பார். அவருடைய தாத்தா காலத்திலேயே எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்குப் போய்க் கடை வைத்த குடும்பம். மூன்று தலைமுறை ஆகியும் இந்த வழக்கம் மட்டும் கப்பலேறிப் போய் அங்கேயும் இருக்கிறது.

என் கொழும்புப் பேத்தி மீனாவுக்கு ஒன்பது வயது. அவள்தான் எங்களுக்குத் தபால்காரி. ஆனால் தபாலைப் பிரித்துப் படித்து மாற்றி எழுதிக் கொடுக்கிற தபால்காரி. நான், "அப்பாவை இன்னும் ஒரு துண்டு மீன் போட்டுக்கச் சொல்லு" என்பேன். அவள் கூடத்துக்குப் போய், "அப்பா, பாட்டி உங்களுக்குச் சரியாச் சாப்பிடத் தெரியலைங்கறாங்க" என்பாள்.

உண்மையில் நான் போனது ஊர் பார்க்க இல்லை. பத்மா என்னை ஒரு வேலைக்காக வரவழைத்திருந்தாள். முதல் நாள் சாயங்காலம் மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது சொன்னாள். மாப்பிள்ளைக்கு கார் பந்தயப் பைத்தியம். பகலெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை, மிச்ச நேரமெல்லாம் பந்தயக் கார். இரண்டு வருஷமாக ஒரு பந்தயத்தையும் அவர் முழுசாக முடிக்கவில்லை. ஒரு தடவை தோள்பட்டை எலும்பு உடைந்தது, ஒரு தடவை கார் எரியப் பார்த்தது. விடச் சொல்லி இவள் அழுதும் பார்த்துவிட்டாள், பேசாமல் இருந்தும் பார்த்துவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பந்தயம்.

"அதுக்கு நான் என்னடி செய்ய?" என்றேன்.

"நீங்க ஒருநாளும் அவருக்கிட்ட நேரா பேசினதில்லைம்மா. ஒரே ஒரு தடவை முகத்தைப் பார்த்து விட்டுடுங்கன்னு சொன்னா அவரு தட்டமாட்டாரு. எனக்குத் தெரியும்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். பன்னிரண்டு வருஷம் பேசாத மாமியார் வாய் திறந்து ஒன்று கேட்டால் எந்த மருமகன் முடியாது என்பான்? ஆனால் அது ஒரு தடவைக்குத்தான் வேலை செய்யும். சரி சொல்கிறேன் என்றேன். பந்தயத்துக்குக் கிளம்புகிற மனுஷனிடம் முன்னாலேயே போகாதே என்று சொல்வது நல்லதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் முடிந்ததும் சொல்லிவிடுவது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். பத்மா அதுவரை ஒரு பந்தயத்துக்கும் போனதில்லை. நான் வருகிறேன் என்றதால் அவளும் வர ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காரைப் பார்க்கப் போனேன். எதை விடச் சொல்லப் போகிறேனோ அதைப் பார்க்க வேண்டாமா? வீட்டுக்குப் பின்னால் சந்துக்குள் தகரக் கொட்டகை. உள்ளே கொம்பனித்தெருவிலிருந்து தினமும் வருகிற மெக்கானிக், சலீம் நானா. அங்கே முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு மகன் வயதுதான் இருக்கும், நானும் சலீம் நானா என்றே கூப்பிட்டேன். அவருக்கு வெட்கம்.

பந்தயக் கார் என்றால் ராக்கெட் மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது ரோட்டில் ஓடுகிற சாதாரணக் கார்தான். ஸ்டாக் கார் என்று பேராம். உள்ளே சீட்டு, மெத்தை, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு, ஓட்டுகிறவருக்கு மட்டும் ஒரு சீட்டு. அவரைச் சுற்றி இரும்புக் குழாயில் கூடு. கோழிக்குச் செய்கிற மாதிரியே இருந்தது. கார் சிவப்பு. ஒரு கதவு மட்டும் பச்சை. அது வேறு காரின் கதவு, சிவப்புப் பெயிண்ட் அடிக்க ஆள் கிடைத்ததும் அடிப்போம் என்றார் சலீம் நானா. நான் அடிக்க வேண்டாம் என்றேன். எனக்கு நம்பர் படிக்கத் தெரியாது. பச்சைக் கதவு இருந்தால்தான் எந்தக் கார் எங்கள் மாப்பிள்ளை என்று தெரியும்.

"அம்மாவுக்கு வண்டியப் பத்தித் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன். என் வீட்டுக்காரர் உப்பு லாரி வைத்திருந்தார். விருதுநகர் வரைக்கும், சில நேரம் மதுரை வரைக்கும் நானும் முன் சீட்டில் போயிருக்கிறேன். உப்பு லாரியின் தகரம் ஒரு மழைக்காலம் தாங்காது. எது கழன்று எதில் உரசும் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை உள்ளே வந்தார், என்னைப் பார்த்தார், வந்த வேகத்தில் வெளியே போய்விட்டார். அவர் கொட்டகையிலேயே அவருக்கு நிற்க இடமில்லாமல் செய்துவிட்டேனே என்று எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் வெள்ளவத்தைக்குப் போனோம். அங்கே மாப்பிள்ளையின் அக்கா ஈஸ்வரி இருக்கிறாள், யாழ்ப்பாணத்து மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவள். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம் என்றார்கள். இரண்டரை மணி நேரம் ஆனது. வழியில் மூன்று இடத்தில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். மணல் மூட்டைகளுக்கு நடுவே வரிசையாக நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடியும் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். இரண்டாவது இடத்தில் என் பையிலிருந்த மக்ரூன் பொட்டலத்தை ஒரு சிப்பாய் முகர்ந்து பார்த்தான். முட்டையும் முந்திரியும் சீனியும் என்று பத்மா சிங்களத்தில் சொன்னாள். ஒன்று எடுத்துக்கொள் என்று நீட்டினேன். எடுக்கவில்லை. சின்ன வயசு, எடுத்திருக்கலாம்.

வெள்ளவத்தை எனக்குப் பிடித்துப்போனது. ஒரு பக்கம் புடவைக் கடையும் நகைக் கடையும். சந்துக்குள் இறங்கி நாலு எட்டு வைத்தால் ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். ரயில் போகும்போது அலை ஜன்னலில் தெறிக்குமாம். எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறது, ஆனால் அது வேலைக்குப் போகிற கடல். இது வீட்டுக்குப் பின்னால் சும்மா படுத்திருக்கிற கடல். ஈஸ்வரி இடியப்பமும் சொதியும் செய்திருந்தாள். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்டு லேசாகக் கொதிக்கவிட்ட குழம்பு. குடிக்கலாம் போல இருந்தது, குடித்தேன்.

அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. பத்மா கைகழுவப் போன நேரம் பார்த்து என்னிடம் கேட்டாள்.

"மாமி, தம்பியை ரேசை விடச் சொல்லவே வந்தனீங்கள்?"

ஆமாம் என்றேன்.

"கொட்டாஞ்சேனையிலயிருந்து இஞ்ச வர எத்தினை இடத்தில இறக்கினவங்கள்?"

மூன்று என்றேன்.

"அவன் ஓடுற அந்த ரோட்டில மட்டும்தான் மாமி ஒருத்தரும் மறிக்கிறேல்லை. அதுக்குத்தான் போறான். இவள் பத்மாவுக்கு அது விளங்கேல்லை." பிறகு அவளே கொஞ்சம் யோசித்தாள். "விளங்கினாலும் பயம் பயம்தானே. நீங்கள் சொல்லுறதைச் சொல்லுங்கோ."

இப்படி இரண்டு பக்கமும் பேசுகிறவர்களிடம் என்ன பதில் சொல்வது? இன்னொரு இடியப்பம் போடச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். வேனில் நாங்கள், வேனுக்குப் பின்னால் இரும்புக் கம்பியில் கட்டிய சிவப்புக் கார். மாப்பிள்ளை ஓட்டினார், பக்கத்தில் சலீம் நானா. நானும் பத்மாவும் மீனாவும் பின்னால், டயர்களுக்கும் பெட்ரோல் கேன்களுக்கும் நடுவில். தெற்கே கடற்கரை ரோட்டில் போனோம். அங்கங்கே நிறுத்திப் பார்த்தார்கள், விட்டார்கள். பத்மா வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்கவில்லை, இமை ஆடிக்கொண்டே இருந்தது.

பந்தயம் நடந்த இடம் வெள்ளைக்காரன் காலத்து விமானம் இறங்குகிற மைதானம். இப்போது விமானம் இறங்குவதில்லையாம். நீளமான தார் ரோடு, இரண்டு முனையிலும் எண்ணெய் பீப்பாயும் பழைய டயரும் அடுக்கி வளைவு செய்திருந்தார்கள். கயிறு கட்டி அதற்கு இந்தப் பக்கம் ஜனங்கள். திருவிழா மாதிரிதான். கடலை விற்கிறார்கள், இறால் வைத்துச் சுட்ட வடை விற்கிறார்கள், அன்னாசிப்பழத்தை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார்கள். அந்த அன்னாசியை ஊருக்கு வந்து செய்து பார்த்தேன், அந்த ருசி வரவில்லை. நிழல் மட்டும் ஒரு இடத்திலும் இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தூரத்து வளைவுப் பக்கம் நின்றோம். சலீம் நானா எதிர்ப் பக்கத்தில், கார்கள் கிளம்புகிற இடத்தில் இருந்தார்.

பக்கத்தில் ஒரு சிங்களக் குடும்பம். அந்த அம்மா என்னிடம் ஏதோ கேட்டாள். பத்மா தமிழில் சொன்னாள்: "உங்க மகனும் ஓட்டுறாரா?" மகன் இல்லை, மருமகன் என்றேன். அவள் தன் தம்பி ஓட்டுகிறான் என்று ஒரு நீலக் காரைக் காட்டினாள். தன் பையிலிருந்து, தேங்காய்ப்பாலில் கெட்டியாக வேகவைத்து வெட்டிய பாற்சோற்றுத் துண்டு ஒன்று கொடுத்தாள். நான் மக்ரூன் கொடுத்தேன். அவள் எடுத்துக்கொண்டாள்.

பதினைந்து கார்கள். பன்னிரண்டு சுற்று. கிளம்பிய சத்தத்தில் நெஞ்சுக்குள் யாரோ அரிசி புடைப்பது மாதிரி இருந்தது. பத்மா முதுகைத் திருப்பிக்கொண்டாள். நான் பச்சைக் கதவைப் பிடித்துக்கொண்டேன், கண்ணால்தான். முதல் சுற்றில் ஐந்தாவது. இரண்டாவது சுற்றில் நாலாவது. வளைவில் திரும்பும்போது கார் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு போனது, நாய்க்குட்டி மாதிரி. எனக்கு ஒரே சந்தோஷம். இதை விடச் சொல்ல வந்தோம் என்பதையே ஒரு நிமிஷம் மறந்து போய்விட்டேன்.

மூன்றாவது சுற்றில், எங்களுக்கு நேரே உள்ள வளைவில், பின்னால் வந்த நீலக் கார் எங்கள் காரின் பின் ஓரத்தில் இடித்தது. வேண்டுமென்று இடித்ததாகத் தெரியவில்லை, இடம் போதவில்லை. எங்கள் கார் இரண்டு தடவை சுழன்றது. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று தெரிந்தது. ரோட்டை விட்டுப் புல்லில் ஏறி, அடுக்கி வைத்திருந்த டயர்களில் முன் மூலை மோதி, எங்கள் கயிற்றிலிருந்து பத்தடி தூரத்தில் நின்றது. இஞ்சின் நின்றுபோனது. மற்ற கார்கள் எல்லாம் போய்விட்டன.

மீனா என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். பத்மா திரும்பினாள்.

காருக்குள் மாப்பிள்ளை அசைந்தார். அடி ஒன்றும் இல்லை. சாவியைத் திருப்பினார், இஞ்சின் பிடித்தது. பின்னால் எடுக்கப் பார்த்தார். கார் ஒரு முழம் வந்தது, கீச்சென்று ஒரு சத்தம், ரப்பர் கருகுகிற நாற்றம். இன்னொரு தடவை எடுத்தார், அதே சத்தம். இஞ்சினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. அச்சு வளைந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டார் போல. தலைக்கவசத்தைக் கழற்றிக் காரின் மேல் வைத்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மற்ற கார்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வருஷமும் முடிக்காமல் நிற்கிறார்.

பத்மா என் கையைப் பிடித்தாள். "அம்மா, இப்ப சொல்லுங்க. இப்ப சொன்னா கேட்டுருவாரு. இதோட விட்டுடுங்கன்னு சொல்லுங்க."

அவள் சொன்னது சரிதான், அதைவிட நல்ல நேரம் வராது. அந்த நேரத்தில் மாப்பிள்ளையும் திரும்பி எங்களைப் பார்த்தார். பத்மா வந்திருப்பதையே அப்போதுதான் நினைத்தார் போல இருந்தது. நான் கயிற்றுக்குப் பக்கத்தில் போனேன். முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினேன். அவர் முகத்தை அன்றைக்குத்தான் நேராகப் பார்க்கிறேன். காதோரம் நரைத்திருந்தது.

ஆனால் என் கண் கீழே போய்விட்டது. முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகரம் மடங்கி டயரைக் கவ்விக்கொண்டிருந்தது. சக்கரம் நேராகத்தான் நின்றது. அச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தச் சத்தத்தையும் இந்த நாற்றத்தையும் மதுரை ரோட்டில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், முகர்ந்திருக்கிறேன்.

"மாப்பிள்ளை, அச்சு இல்ல. தகரம் டயர்ல உரசுது. இழுத்து விட்டுட்டு எடுங்க," என்றேன்.

அவர் தகரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு குனிந்தார். காலை டயரில் ஊன்றி, இரண்டு கையாலும் தகரத்தைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நீலக் காரின் அக்காக்காரி சிங்களத்தில் என்னவோ கத்தினாள். "வெளியே இல்லை, மேலே இழு" என்றாளாம். மேலே இழுத்தார். பாதி கிழிந்து கையோடு வந்தது. அதைப் புல்லில் எறிந்துவிட்டு, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். வளைவில் கொடி காட்டுகிறவர் ஓடி வந்து சேர்வதற்குள் கார் ரோட்டில் ஏறிவிட்டது.

பத்மா என் கையை விட்டாள். "ஒரு வார்த்தை இருந்துச்சு. அதையும் அவருக்கே குடுத்துட்டீங்க," என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் அதற்குப் பிறகு அவள் முதுகைத் திருப்பவில்லை. அவர் எல்லாருக்கும் பின்னால், அரைச் சுற்றுத் தள்ளி ஓடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத் தகரம் இல்லாமல் டயர் வெளியே தெரிந்தது. ஐந்தாவது சுற்றில் ஒரு மஞ்சள் காரைத் தாண்டினார். ஏழாவதுக்குள் ஐந்து கார்கள் புகை விட்டு நின்றுபோயின. ஒன்பதாவதில் இன்னொன்றைத் தாண்டினார். நான் விரல் விட்டு எண்ணினேன். பத்மா உதட்டுக்குள் எண்ணினாள், எனக்குத் தெரியக்கூடாது என்று. எங்கள் வளைவுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சை நிறுத்திக்கொள்வாள், பச்சைக் கதவு போனதும் விடுவாள்.

பந்தயம் முடிந்தபோது அவருக்கு முன்னால் ஏழு கார்கள். எட்டாவது. நீலக் கார் இரண்டாவது. பரிசு முதல் மூன்று பேருக்குத்தான். ஆனால் சலீம் நானா மைதானத்துக்குக் குறுக்கே ஓடி வந்து, "முடிச்சிட்டாரு அம்மா, ரெண்டு வருஷத்துக்குப் பொறகு முடிச்சிட்டாரு" என்று நாலு தடவை சொன்னார். நீலக் காரின் தம்பி வந்து மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டான். மாப்பிள்ளை அவன் தோளில் தட்டினார். எங்கள் பக்கம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டு டயர்களை வேனில் ஏற்றினார். நானும் பழையபடி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் நடக்காத மாதிரி இரண்டு பேரும் இருந்தோம்.

திரும்பி வரும்போது, வெயில் இறங்குகிற நேரம், ஒரு தடுப்பில் நிறுத்தினார்கள். காலையில் விட்ட அதே இடம்தான், ஆட்கள் மாறியிருந்தார்கள். பின்னால் கட்டிய காரில் நம்பர் பலகை இல்லை, உள்ளே பெட்ரோல் கேன்கள், மாப்பிள்ளையின் அட்டையில் தமிழ்ப் பேர். அவரை இறங்கச் சொல்லி மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கொட்டகைக்குள் கூட்டிப் போனார்கள். சலீம் நானாவும் இறங்கிப் பேசப் போனார், வேனிலேயே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். பத்மா பாணை எடுத்துச் சம்பல் வைத்து மீனாவுக்குக் கொடுத்தாள். எனக்குக் கொடுத்தாள். கொட்டகைப் பக்கம் அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மைதானத்தில் முதுகைத் திருப்பி நின்றவள் இங்கே கல் மாதிரி இருக்கிறாளே என்று அவள் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"வீட்டுலயும் இப்படித்தான்மா இருப்பேன்," என்றாள். மீனாவுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள். "ரேஸ்னு போவாரு. அஞ்சு மணிக்கு வரேன்னுவாரு. ஆறாகும், ஏழாகும். கார்ல அடிபட்டுட்டாரா, இல்ல இங்க உக்கார வச்சிட்டாங்களா, இல்ல வேற எங்கயும் கொண்டு போயிட்டாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? இன்னைக்குத்தான் எங்க இருக்காருன்னு தெரிஞ்சுகிட்டு உக்காந்திருக்கேன்."

நான் பாணைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வந்தார். நம்பர் பலகை ஏன் இல்லை என்பதை மூன்று தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம், அவ்வளவுதான் என்றார் சலீம் நானாவிடம். பத்மா தண்ணீர் பாட்டிலை முன் சீட்டுக்கு நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். வேன் கிளம்பியது.

மறுநாள் காலை மாப்பிள்ளை கடைக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து மீனாவைக் கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் தபால்காரி அடுப்படிக்கு வந்தாள்.

"பாட்டி, நீங்க ஊர்லயிருந்து வேற ஏதோ சொல்ல வந்தீங்களாம். தகரத்தைச் சொல்ல வரலையாம். அதைச் சொல்லிடச் சொல்றாரு அப்பா. எதுவா இருந்தாலும் கேட்டுக்கறாராம்."

இந்தத் தடவை ஒரு சொல்லும் மாற்றாமல் கொண்டுவந்தாள் என்று நினைக்கிறேன். பத்மா அடுப்பில் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் கேட்டது இதோ கையில் வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் சிவப்புக் கார் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மனுஷன் வீட்டில் இருப்பார். ஆனால் திங்கட்கிழமை கடைக்குப் போவார். செவ்வாய்க்கிழமை சரக்கு எடுக்கப் போவார். அந்த ஊரில் வெளியே போகிற ஆண்பிள்ளை எல்லாரும் எங்கேயாவது ஒரு தடுப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். அதையெல்லாம் விடச் சொல்ல முடியுமா?

கையைத் துடைத்துக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தேன். என்னைப் பார்த்ததும் மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"ரேசை விடச் சொல்லத்தான் என்னை வரவழைச்சா," என்றேன். "நான் அதைச் சொல்லல. ஆனா இனிமே அவளை வீட்டுல உக்கார வச்சிட்டுப் போகாதீங்க. எங்க போனாலும் கூட்டிட்டுப் போங்க, முடியாத இடத்துக்குப் போனா எங்க இருக்கீங்கன்னு நடுவுல போன் பண்ணிச் சொல்லுங்க. அவளுக்குப் பயம் கார் மேல இல்ல."

அவர் என் தோளுக்கு மேலே அடுப்படியைப் பார்த்தார். அந்தப் பக்கம் பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

"சரி அத்தை," என்றார். காலண்டரைப் பார்த்துச் சொல்லவில்லை.

பத்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "நான் வரேன்னு யாரு சொன்னது? என்னை ஒருத்தர் கேட்டீங்களா?" என்றாள். அவள் திரும்பி உள்ளே போனாள், பருப்பை இறக்கி வைத்தாள், தண்ணீர் ஊற்றினாள். பிறகு உள்ளேயிருந்தே சொன்னாள்.

"அங்க நிக்கிறதுக்கு ஒரு நிழலே கிடையாது."

"வேனைக் கயித்துப் பக்கமா நிப்பாட்டித் தாரேன்," என்றார் மாப்பிள்ளை.